வால்பேப்பரை உரிக்கும் முன் சுவிட்ச் பாக்ஸைக் கழற்றிப் பாருங்கள்

வால்பேப்பரை உரித்ததில் சுவரே பாழாகிவிட்டது என்று புலம்புகிற வீடுகளில் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் சுவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. போனது பட்டி, அதாவது பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பூசும் மெல்லிய வெள்ளைப் பூச்சு. நம் ஊர் ஃபிளாட்களில் செங்கல்லின் மேல் சிமெண்ட் பூச்சு, அதன் மேல் இரண்டு கை பட்டி, ஒரு பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். இத்தனைக்கும் மேல்தான் வால்பேப்பர் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் நுனியைப் பிடித்து இழுக்கும்போது அந்த இழுப்பு எல்லா அடுக்குக்கும் போகிறது. எது இளைத்ததோ அது விட்டுக்கொடுக்கும். பசை முதலில் விட்டால் தாள் மட்டும் வரும். பட்டி முதலில் விட்டால் தாளோடு உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைச் சில்லும் சேர்ந்து வரும்.

ஆகவே வேலை என்பது ஒன்றே ஒன்றுதான்: மற்ற எல்லா அடுக்கையும்விடப் பசையை இளக்க வேண்டும். அதைத் தண்ணீரால் செய்வதா, சூட்டால் செய்வதா என்பதைத் தாளும் சுவரும் சேர்ந்து முடிவு செய்யும். பலர் தாளை மட்டும் பார்க்கிறார்கள். சுவரைப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது.

மெயினை அணைத்துவிட்டு, அந்தச் சுவரில் உள்ள சுவிட்ச் பாக்ஸின் மேல் தட்டைக் கழற்றுங்கள். பெட்டியைச் சுற்றி வெட்டிய ஓரத்தில் சுவரின் அடுக்குகள் அப்படியே வரிசையாகத் தெரியும். சாம்பல் நிறச் சிமெண்ட், அதன் மேல் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் ஒன்றரை மில்லிமீட்டர் வெள்ளை என்றால் அது சிமெண்ட் பூச்சின் மேல் பட்டி. சாம்பலே இல்லாமல் அரை அங்குலத்துக்கு வெள்ளையாகவே போனால் அது ஜிப்சம் பிளாஸ்டர். புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடிகளில் இதுதான் அதிகம். ஜிப்சம் தண்ணீர் பட்டால் நமுத்துவிடும். ஈரமாக இருக்கும்போது நகம் பட்டாலே கோடு விழும்.

பட்டி என்று தெரிந்தால் இன்னொரு சோதனை. அந்த வெட்டிய ஓரத்தில், பெயிண்ட் படாத இடத்தில், இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம் கழித்துக் கட்டைவிரலால் தேயுங்கள். விரல் சுத்தமாக வந்தால் வெள்ளைச் சிமெண்ட் பட்டி, தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும். விரலில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஒட்டினால் அக்ரிலிக் பட்டி, அல்லது சாக்பவுடரைப் பசையில் குழைத்துப் பூசிய மலிவுப் பட்டி. விரலில் ஒட்டுகிற இந்த இரண்டையும் ஜிப்சம் மாதிரியே நடத்துங்கள்: குறைந்த தண்ணீர், குறைந்த நேரம்.

பழைய வீடுகளில் டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு அடித்த சுவரில் நேராக ஒட்டியிருப்பார்கள். அங்கே மேல் அடுக்கு தாளோடு வந்தே தீரும். அதைத் தடுக்கப் பார்ப்பது வீண். எப்படியும் அது சுரண்டப்பட வேண்டிய அடுக்குதான்.

இனி தாள். கடைகளில் விற்பது பல பெயர்களில் இருந்தாலும் உரிக்கிறவருக்கு அது நான்கே வகை: முதுகில் பசையோடு வரும் பிவிசி ஸ்டிக்கர், காகித முதுகு கொண்ட வினைல், துணி போல இருக்கும் நான்-வோவன், செங்கல் வடிவ ஃபோம் ஷீட். கதவுக்குப் பின்னாலோ பீரோவுக்குப் பின்னாலோ ஒரு மூலையில் பிளேடால் நுனியைக் கிளப்பி, கை அகலத்துக்கு உரித்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டு, முதுகில் பளபளவென்று பிசுக்கு இருந்தால் ஸ்டிக்கர். மேல் தோல் மட்டும் பிளாஸ்டிக்காக வந்து, சுவரில் பழுப்பு வெள்ளைக் காகிதம் தங்கினால் வினைல். முழுசாகக் கெட்டியாக வந்தால் நான்-வோவன். அதிர்ஷ்டம்தான், மேலே இருந்து கீழே வரை காய்ந்தபடியே உரித்துவிடலாம்.

அந்தக் கையகலத் துண்டைக் குப்பையில் போடாதீர்கள். திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். இந்த வேலையிலேயே மிகவும் பயனுள்ள தகவல் அங்கேதான் இருக்கிறது. வெறும் பசை மட்டும் என்றால் பயமில்லை, தொடரலாம். சுவரின் பெயிண்ட் நிறத்தில் மெல்லிய தோல் ஒட்டியிருந்தால், பிரைமர் போடாமலோ பட்டி காயும் முன்போ எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். சூடு காட்டினால் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். விபூதி போல வெள்ளைத் தூள் அப்பியிருந்தால் பட்டியே உள்ளுக்குள் பொடிந்திருக்கிறது. தூளோடு மணலும் சாம்பல் நிறமும் இருந்தால் பூச்சு வரைக்கும் ஓதம் ஏறியிருக்கிறது. அப்போது வால்பேப்பர் உங்கள் முதல் பிரச்சினை அல்ல. கூடவே விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டொக்’ என்று கெட்டியாகக் கேட்கும் இடம் நல்லது. ‘டொப்’ என்று பொள்ளலாகக் கேட்டால் அங்கே பென்சிலால் வட்டம் போட்டுவிடுங்கள். அந்த இடத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

ஸ்டிக்கர் வகைதான் அதிகச் சேதம் செய்கிறது. ‘எளிதில் உரிக்கலாம்’ என்று அட்டையில் போட்டிருப்பது ஒட்டிய புதிதில் உண்மை. இந்தப் பசை நாள் போகப் போகச் சுவரின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் ஊர்ந்து போய்ப் பிடியை இறுக்கிக்கொள்ளும். இன்னொரு பக்கம், வெயில் படும் சுவரில் பிவிசியை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருள் குறைந்து தாள் முறுமுறுப்பாகிவிடும். பிடி இறுகிய பசை, நொறுங்குகிற தாள்: இரண்டும் சேர்ந்தால் துண்டு துண்டாகத்தான் வரும். இதற்குத் தண்ணீர் பிரயோஜனமில்லை. பிளாஸ்டிக்கைத் தாண்டி உள்ளே போகாது. போனாலும் இந்தப் பசை தண்ணீரில் கரையாது.

சூடுதான் வழி. வீட்டில் இருக்கும் ஹேர் டிரையர் போதும். பத்துப் பதினைந்து செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல், ஒரு அடி நீளத்துக்கு அரை நிமிடம் காட்டுங்கள். தொட்டால் கை பொறுக்க வேண்டும், தாள் துவள வேண்டும்; அதுதான் அளவு. பட்டறையில் இருக்கும் ஹீட் கன் வேண்டாம். அதன் வாயில் வெப்பம் சில நூறு டிகிரி. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். எமல்ஷனும் கொப்பளித்துவிடும்.

இழுக்கும் கோணத்தில்தான் பாதி வித்தை இருக்கிறது. தாளை உங்கள் நெஞ்சை நோக்கி இழுத்தால் முழு விசையும் பட்டியைப் பெயர்க்கும் திசையில் வேலை செய்யும். அப்படி இழுக்காமல், உரிந்த நுனியைத் தாளின் மேலேயே மடித்து, சுவரை ஒட்டியபடி இழுங்கள். இழுக்கும் கையின் முட்டி சுவரை உரசிக்கொண்டே போனால் கோணம் சரி என்று பொருள். வேகம் ஒரு நிமிடத்துக்கு ஒரு சாண். ஸ்டிக்கர் பசை பலாப்பழப் பால் மாதிரி. மெதுவாக இழுத்தால் நூல் விட்டு இளகிக்கொடுக்கும், வெடுக்கென்று இழுத்தால் கெட்டிப்பட்டுப் பிடித்துக்கொள்ளும். பாதியில் பட்டி கிளம்புவது தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கிளம்பிய இடத்தைச் சுற்றி இரண்டு விரல்கடை தள்ளிப் பிளேடால் தாளை மட்டும் வெட்டி, அந்தத் தீவை விட்டுவிட்டு, எதிர்ப் பக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். மிச்சமான தீவுக்கு மறுபடி சூடு காட்டி எல்லா ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி வரலாம். பெயரத் தொடங்கிய ஓரத்திலிருந்தே இழுத்துக்கொண்டு போனால் சில்லு பெரிதாகிக்கொண்டே போகும்.

அகலமான தாளானால், உரிக்கும் முன்பே செங்குத்தாக அரையடிப் பட்டைகளாகக் கீறிக்கொள்வது நல்லது. அகலம் பாதியானால் இழுக்க வேண்டிய பலமும் பாதி. கீறல் தாளோடு நிற்கட்டும், பட்டியில் இறங்கக் கூடாது. புது பிளேடு, லேசான கை.

வினைல் வகைக்கு வருவோம். கடைகளில் ரோலாக விற்பது பெரும்பாலும் இதுதான்: 53 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம், 57 சதுர அடி என்று கணக்கு. பத்தடி அகலம், ஒன்பதடி உயரமுள்ள சுவர் என்றால் ஆறு பட்டை இருக்கும். முதலில் மேல் தோலை மட்டும் காய்ந்தபடியே ஆறிலும் உரித்துவிடுங்கள். இந்தத் தோல் இருக்கும்வரை எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் வழிந்து தரைக்குத்தான் போகும். அதில் ஓட்டை போட முள் சக்கரம் வைத்த ஒரு கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. நம் பட்டி ஒரு மில்லிமீட்டர். அந்த முள் அதைவிட நீளம். வேண்டாம்.

தோல் போனபின் சுவரில் காகிதம் நிற்கும். இதை ஒட்டிய பசை பெரும்பாலும் மாவுப்பசை அல்லது மெத்தில் செல்லுலோஸ். இரண்டும் தண்ணீருக்குக் கட்டுப்பட்டவை. பத்து லிட்டர் வாளியில் கை பொறுக்கும் சூட்டில், அதாவது நாற்பது ஐம்பது டிகிரியில், தண்ணீர். இரண்டு டீஸ்பூன் பாத்திரம் தேய்க்கும் லிக்விட். லிக்விட் பசையைக் கரைக்க அல்ல, தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் காகிதத்துக்குள் இறங்க. வினிகர் கலக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். பட்டியில் இருப்பது சுண்ணாம்புச் சத்து; அமிலம் அதைத்தான் முதலில் தின்னும்.

ஃபேனை நிறுத்துங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் ஏப்ரல் மாத மதியம் ஃபேன் ஓடினால் தெளித்த ஈரம் பசைக்குப் போகும் முன்பே காற்றில் போய்விடும். ஸ்பிரே பாட்டிலால் மேலிருந்து கீழாக ஒரு பட்டைக்கு அரை லிட்டர் வரை தெளித்து, மெல்லிய பாலிதீன் தாளை அதன் மேல் அப்பிவிடுங்கள். ஈரக் காகிதத்தில் அது தானே ஒட்டிக்கொள்ளும். கால் மணி நேரம். இரண்டு பட்டைக்கு மேல் ஒரே சமயத்தில் நனைக்காதீர்கள்; ஆறையும் நனைத்துவிட்டு முதல் பட்டையைச் சுரண்டி முடிப்பதற்குள் ஆறாவது காய்ந்திருக்கும், அல்லது பட்டி வரை ஊறியிருக்கும்.

ஊறிவிட்டதா என்று தெரிய, காகிதத்தைக் கட்டைவிரலால் தள்ளுங்கள். சுருக்கம் விழுந்து நகர்ந்தால் தயார். நகராவிட்டால் மறுபடி தெளித்துக் காத்திருங்கள், பலம் போடாதீர்கள். சுரண்ட ஆறு அங்குலப் பட்டி பிளேடு. அதன் இரண்டு மூலைகளையும் உப்புத்தாளில் தேய்த்து வட்டமாக்கிக்கொள்ளுங்கள். சுவரில் விழும் பிறை வடிவக் காயங்கள் எல்லாம் இந்த மூலைகள் போட்டவைதான். பிளேடைச் சுவரோடு படுக்க வைத்துத் தள்ளுங்கள், நிமிர்த்தக் கூடாது.

ஊறினாலும் அசையாத காகிதமும் உண்டு. நனைத்ததும் ஓரத்தில் பால் மாதிரி வெளுத்தால், ஒட்டியவர் மாவுப்பசையில் ஃபெவிகால் கலந்திருக்கிறார். அது தண்ணீரில் கரையாது, ஆனால் மெதுவாக இளகும். அரை மணி நேரம் மூடி வைத்து, மறுபடி நனைத்து, மறுபடி மூட வேண்டும். அப்படியும் வராத திட்டுகளை வெறும் பிடிவாதத்துக்காகச் சுரண்டிக் குழி போடுவதைவிட, காய்ந்தபின் தேய்த்துச் சமன் செய்து பட்டிக்கு அடியில் விட்டுவிடலாம்.

ஜிப்சம் சுவரிலும் தண்ணீரில் குழையும் பட்டியிலும் ஸ்பிரே வேண்டாம். ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து, ஈரம் மட்டும் படும்படி ஒற்றி, ஐந்து நிமிடம்; மறுபடி ஒற்றி ஐந்து நிமிடம். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் அல்லது காலாவதியான ஏடிஎம் கார்டு. நீராவிக் கருவியை இந்தச் சுவர்கள் பக்கமே கொண்டுவராதீர்கள். சூடும் ஈரமும் சேர்ந்து ஒரே இடத்தில் அரை நிமிடம் நின்றால் பட்டி உப்பிக்கொண்டு வரும்.

ஃபோம் ஷீட்டைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இழுத்தால் ஃபோம் இரண்டாகப் பிளந்து பாதி சுவரிலேயே நிற்கும். தூண்டில் நரம்பை இரண்டு முனையிலும் குச்சியில் சுற்றிக்கொண்டு, ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டு, ரம்பம் போல இருபுறமும் அறுத்துக்கொண்டே இறங்குங்கள். மிச்சப் பசைக்கு ஹேர் டிரையர்.

ஸ்டிக்கர் பசையின் பிசுக்கு சுவரில் தங்கும். பலாப்பழக் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கத்தில் சுவரிலும் தடவுகிறார்கள். பிசுக்கு போகும், எண்ணெய் பட்டிக்குள் இறங்கிவிடும். அந்த இடத்தில் எந்தப் பெயிண்டும் பிடிக்காது. மண்ணெண்ணெயும் அதே கதைதான். தின்னர் பசையோடு எமல்ஷனையும் கரைத்துவிடும். மினரல் டர்பன்டைனைத் துணியில் நனைத்து, ஒரு நிமிடம் ஒற்றி வைத்துத் துடைப்பது பாதுகாப்பு. சின்ன இடமானால் நீலகிரித் தைலமும் வேலை செய்யும், ஆவியாகியும் போய்விடும். இரண்டும் தீப்பிடிப்பவை, ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் விளக்கு ஊதுபத்தி கூடாது.

மாவுப்பசை மிச்சம் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் எமல்ஷன் அடித்தால் சில வாரங்களில் பாளம் பாளமாக வெடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்பாஞ்சால் இரண்டு முறை துடைத்தபின் சோதித்துவிடுங்கள். ஈரப் பஞ்சைச் சுவரில் நன்றாகத் தேய்த்து எடுத்து, அந்தப் பஞ்சின் மேல் தண்ணீர் கலந்த பெட்டாடின் இரண்டு சொட்டு விடுங்கள். பழுப்பாகவே இருந்தால் சரி. கருநீலமானால் மாவு இன்னும் இருக்கிறது. சொட்டைச் சுவரில் விடாதீர்கள், கறையை எடுப்பது தனி வேலையாகிவிடும். மெத்தில் செல்லுலோஸை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு ஈரக் கையால் தடவிப் பார்ப்பதுதான். வழவழப்பு இருந்தால் இன்னொரு முறை துடைக்க வேண்டும்.

உரித்ததும் கரும்புள்ளிகள் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வெளிச்சுவரின் உள்பக்கம் பிவிசி ஒட்டினால், ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் குடித்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. பூஞ்சணம் பிடிக்காமல் என்ன செய்யும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டு பிளீச்சிங் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து தடவி, பத்து நிமிடம் கழித்து வெறும் தண்ணீரில் துடையுங்கள். அதோடு வினிகரோ பாத்ரூம் ஆசிட்டோ சேரக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பிறகு ஒன்றரை அடிச் சதுரமாகப் பாலிதீனை வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி படிந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது. கசிவை அடைக்காமல் பட்டி பார்ப்பது காசைக் கரைப்பதுதான். இந்த வேலைக்கே மாசியும் பங்குனியும்தான் ஏற்ற மாதங்கள்.

பெயர்ந்த இடங்களை அடைப்பதில் பெரிய நுட்பம் கிடையாது. ஓரத்தைச் சரியாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளத்தின் விளிம்பைப் பிளேடால் தட்டி, ஆடுகிற பட்டி எல்லாம் விழும்வரை பின்வாங்குங்கள். அந்தப் பென்சில் வட்டங்களுக்கு இப்போதுதான் முறை. பிரஷ்ஷால் தூசி தட்டி, லேசாக ஈரம் காட்டி, வெள்ளைச் சிமெண்ட் பட்டி ஒரு கிலோவுக்கு 350 முதல் 400 மி.லி. தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி குழையுங்கள். இரண்டு மணி நேரத்தில் தீர்க்கும் அளவுக்குக் கலந்தால் போதும். இறுகியதில் மறுபடி தண்ணீர் விட்டால் காய்ந்தபின் பொடியும். மெல்லிசாக இரண்டு கை, நடுவில் நான்கைந்து மணி நேரம். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஆழமென்றால் பட்டியால் ரொப்பாதீர்கள், வெடிக்கும். அது கொத்தனார் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டிய குழி. மறுநாள் 180 நம்பர் உப்புத்தாள், பிறகு 320 நம்பர். தேய்த்து முடித்ததும் அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் ஒளிந்திருந்த மேடு பள்ளம் எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும்.

பிரைமரில் வாட்டர் பேஸ்டு போதுமா என்ற கேள்வி வரும். பசை முழுக்கப் போய்விட்டது என்று உறுதியானால் போதும். சந்தேகம் இருந்தால் ஆயில் வகை பிரைமர் ஒரு கோட் அடியுங்கள். தண்ணீர் வகை மிச்சப் பசையை மறுபடி இளக்கிவிடும், ஆயில் வகை அதை மூடிப் பூட்டிவிடும். வாடை இரண்டு நாள் இருக்கும்.

வாடகை வீடு என்றால் இத்தனையும் தேவையா என்று ஒப்பந்தத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் பல வீட்டுக்காரர்கள் காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் எப்படியும் பிடித்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் தாளையும் பசையையும் எடுத்து, பெயர்ந்த இடத்தில் பட்டி பார்த்துக்கொடுத்தால் போதும். கலர் அவர் பாடு. நீங்களே அடிப்பதானால் பட்டி வைத்த இடத்தில் மட்டும் தொட்டுத் தொட்டு அடிக்காதீர்கள். அதே டப்பாவிலிருந்த பெயிண்டே என்றாலும், வெளிச்சம் பட்டு மங்கிய பழைய நிறத்தின் மேல் புதியது திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு மூலையில் தொடங்கினால் அடுத்த மூலை வரை முழுச் சுவரையும் அடித்துவிடுங்கள்.